எல்லோரையும் சேர்த்துத் திட்டமிடுவது: பல்கலைக்கழக விரிவாக்கச் சேவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள், வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள், அமெரிக்காவில் குடியேறி உள்ளூர் ஆலோசனைக் குழுவில் உட்கார அழைக்கப்பட்ட தமிழர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "எல்லோரையும் சேர்த்துத் திட்டமிடு என்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?" பல்கலைக்கழகத்தின் அறிவை மக்களிடம் கொண்டுபோகும் அமெரிக்க விரிவாக்கச் சேவையை வைத்தே பதில் சொல்கிறேன். நூறு ஆண்டு கடந்த அமைப்பு என்பதால் நல்லது கெட்டது இரண்டுக்கும் அங்கே ஆதாரம் இருக்கிறது.

முதலில், எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

அங்கே அதற்குக் 'கோஆப்பரேட்டிவ் எக்ஸ்டென்ஷன்' என்று பெயர். 1862-இல் வந்த மோரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை உருவாக்கியது. நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் என்பவை இவைதான். 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. கல்லூரியின் அறிவை வயலுக்கும் வீட்டுக்கும் கொண்டுபோக, கூட்டரசும் மாநிலமும் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளூர்ப் பகுதி) நிர்வாகமும் சேர்ந்து பணம் போடும் ஏற்பாடு அது. நாட்டின் பெரும்பாலான கவுன்ட்டிகளுக்கு இன்று இந்தச் சேவை உண்டு. மண் பரிசோதனை, பயிர்ப் பாதுகாப்பு, சத்துணவுக் கல்வி, தோட்டக்கலைத் தன்னார்வலர் பயிற்சி, சிறுவர்களுக்கான ஃபோர்-எச் மன்றங்கள் என்று வேலை பரந்து கிடக்கிறது.

வேலைத் திட்டம் ஏற்கெனவே இருக்கும்போது, உத்தித் திட்டம் என்று தனியாக எதற்கு?

அடுத்த ஆண்டு எந்த ஊரில் எத்தனை பயிற்சி என்பது வேலைத் திட்டம். உத்தித் திட்டம் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்கிறது: அடுத்த ஐந்து ஆண்டுகளில் யாருக்காக வேலை செய்யப்போகிறோம், எதற்குப் பணம், எதற்கு இல்லை? பல இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பழைய வேலைத் திட்டத்துக்குப் புது அட்டை போட்டு உத்தித் திட்டம் என்று வெளியிடுகிறார்கள். படங்கள் மட்டும் நன்றாக இருக்கும்.

மக்களிடம் கேட்டுத்தான் திட்டமிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1998-இல் வந்த வேளாண் ஆராய்ச்சி, விரிவாக்க, கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, கூட்டரசின் சூத்திர நிதியை (விண்ணப்பப் போட்டி இல்லாமல், நிலையான கணக்குப்படி பங்கிடப்படும் பணத்தை) பெறும் பல்கலைக்கழகங்கள் தங்கள் வேலையைப் பயன்படுத்துவோரிடம் கருத்துப் பெற ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று எப்படித் தீர்மானித்தீர்கள், எப்படிக் கேட்டீர்கள், கேட்டதை வைத்து என்ன செய்தீர்கள் என்றும் அறிக்கையில் எழுத வேண்டும்.

முதல் இரண்டுக்கும் பதில் எழுதுவது சுலபம். மூன்றாவதில்தான் பேனா நிற்கும். ஒரு மாநிலத்தின் அறிக்கை கையில் கிடைத்தால் நான் அந்த மூன்றாவது பகுதியை முதலில் படிக்கச் சொல்வேன். "பெறப்பட்ட கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன" என்று ஒரே வரியில் முடிந்தால், எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலிருந்தே மக்களிடம் போன அமைப்புதானே? 'எல்லோரையும் சேர்ப்பது' என்று ஏன் புதிதாகப் பேச வேண்டும்?

மக்களிடம் போனது உண்மை. ஆனால் எந்த மக்களிடம், யார் போட்ட திட்டத்தோடு என்று பார்க்க வேண்டும்.

அலபாமாவில் டஸ்கீகி நிறுவனம் 1906-இலேயே ஒரு குதிரை வண்டியில் விதை, கருவி, பால் பிரிக்கும் இயந்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கறுப்பின விவசாயிகளின் ஊர் ஊராகப் போனது. பணம் கொடுத்தவரின் பெயரால் அது ஜெசப் வண்டி. வடிவமைப்பில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வருக்குப் பங்குண்டு. அதை நடத்திய தாமஸ் மன்ரோ கேம்பெல்தான் கூட்டரசு நியமித்த முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். ஸ்மித்-லீவர் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முந்திய கதை இது.

கறுப்பின மாணவர்களுக்கான நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு 1890-இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம் வழிசெய்திருந்தது. ஆனால் 1914 சட்டம், பணம் எந்தக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டது. கறுப்பினக் கல்லூரிகளுக்கு ஒரு பங்கைச் சட்டத்திலேயே உறுதிசெய்ய முயன்ற திருத்தம் தோற்றது. இரண்டு வகைக் கல்லூரிகளும் இருந்த தென்மாநிலங்களில் முடிவு வெள்ளையர் கல்லூரிக்கே சாதகமாகப் போனது. கறுப்பின அலுவலர்கள் வயலில் இறங்கி வேலை செய்தார்கள், மக்களைச் சந்தித்தார்கள், ஆனால் திட்டத்தையும் பணத்தையும் வேறு கட்டடத்தில் வேறு ஆட்கள் வைத்திருந்தார்கள். ஒதுக்கல் தொடங்கிய இடம் அந்தப் பணப் பங்கீடுதான். கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதெல்லாம் அதற்கப்புறம் வந்த பேச்சு.

1964-இல் சம உரிமைச் சட்டம் வந்த பிறகு இரட்டை அமைப்புகள் ஒன்றாக்கப்பட்டன. வட கரோலினாவில் 1965 ஆகஸ்டில் வெள்ளையர் கிளை, கறுப்பினக் கிளை இரண்டும் இணைந்தன. ஆனால் சம்பள வித்தியாசம் அப்படியே தொடர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1986-இல் பேஸ்மோர் எதிர் ஃபிரைடே தீர்ப்பு வந்தது. பழைய பாகுபாட்டால் வந்த குறைந்த சம்பளத்தை இன்றும் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றைய சம்பளமும் சட்டமீறல்தான் என்றது நீதிமன்றம். இணைத்ததிலிருந்து இருபத்தொரு ஆண்டு.

எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. வராதது அவர்கள் விருப்பம்தானே?

இதே வாதம் பேஸ்மோர் வழக்கிலும் வந்தது. ஃபோர்-எச் மன்றங்களும் இல்லத்தரசிகள் மன்றங்களும் பல இடங்களில் இன்னும் ஒரே இனத்தவரைக் கொண்டே இருந்தன. சேர்க்கை திறந்துவிடப்பட்டது, யார் எந்த மன்றத்தில் சேர்வது என்பது அவரவர் விருப்பம், எனவே சட்டமீறல் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

சட்டத்துக்கு அது போதும். திட்டமிடுகிறவருக்குப் போதாது. பல பத்தாண்டு மூடிக் கிடந்த கதவை ஒருநாள் திறந்து வைத்தால் உள்ளே யார் வருவார்கள்? ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் பிள்ளைகள்தான். கூட்டரசு வேளாண் துறையின் சம உரிமை விதிகள்கூட, ஊடகத்தில் அறிவிப்பது, தனிப்பட்ட கடிதம் அனுப்புவது, நேரில் போய்ப் பார்ப்பது என்று முயற்சியைப் படிப்படியாக எதிர்பார்க்கின்றன. நேரில் போவதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பெட்ரோலும் நேரமும் அதற்குத்தான் ஆகும்.

ஊர்க் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டோம். அது போதாதா?

எப்போது போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கவுன்ட்டி அலுவலகத்தில் கூட்டம் என்றால், அதற்கு வரக்கூடியவர்கள் ஓய்வு பெற்றவர்கள், சம்பளத்தோடு அனுப்பப்பட்ட அதிகாரிகள், சொந்த நிலம் உள்ள பெரிய விவசாயிகள். கோழிப் பண்ணைத் தொழிலாளியோ இரண்டு வேலை பார்க்கும் தாயோ வர முடியாது. மாலையில், அவர்கள் ஏற்கெனவே கூடும் இடத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளோடு வைத்தால் கூட்டத்தின் முகமே மாறும். உணவு வங்கி, தேவாலயம், பள்ளிச் சாப்பாட்டுக்கூடம், ஞாயிற்றுச் சந்தை என்று இடத்துக்குப் பஞ்சமில்லை.

கட்டம் இன்னும் முக்கியம். நான்கு முன்னுரிமைகளை முடிவு செய்து அச்சடித்துவிட்டு "இவற்றில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று ஸ்டிக்கர் கொடுத்து ஒட்டச் சொல்வது, சமைத்து முடித்துவிட்டு என்ன சமைக்கலாம் என்று கேட்பதைப் போன்றது. முன்னுரிமைப் பட்டியல் வெற்றுத் தாளாக இருக்கும்போதே வெளியாட்கள் அறைக்குள் இருக்க வேண்டும்.

மேடையில் இருப்பவர் பேசுவதைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. இயக்குநரின் வரவேற்புரை, கமிஷனரின் வாழ்த்துரை, ஸ்லைடு காட்சி எல்லாம் முடியும்போது, கேட்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இணையத்தில் சர்வே எடுத்தால்?

எடுங்கள், தவறில்லை. ஆனால் சர்வே இணைப்பு உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்குத்தான் போகிறது. பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வருபவர்கள். இப்போதைய நிகழ்ச்சிகள் நன்றாக இருக்கின்றன, இன்னும் நிறைய வேண்டும் என்று சொல்வார்கள். வராதவர்களின் கருத்து அதில் இருக்க வழியே இல்லை. எத்தனை ஆயிரம் பேர் நிரப்பினாலும் கதை அதுதான்.

மொழி தெரியாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

துண்டறிக்கையை மொழிபெயர்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ பகுதியில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மங் மக்கள் சிறு நிலங்களில் காய்கறி விளைவிக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் பலருக்குத் தாய்மொழியிலும் எழுத்து வாசிப்புப் பழக்கம் குறைவு. அச்சடித்த காகிதத்தால் அங்கே பயனில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக விரிவாக்கச் சேவை மங் மொழி பேசும் ஊழியரை வேலைக்கு வைத்து, மங் மொழி வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்தியது.

வானொலியின் வீச்சு தஞ்சை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல் அங்கே பரவியபோது அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது.

திட்டமிடலுக்கு வந்தால் இன்னொன்றும் உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார வைத்துக் காதில் கிசுகிசுக்க வைப்பதைவிட, அந்த மொழியிலேயே ஒரு கூட்டம் நடத்தி, அதன் முடிவுகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வது நல்லது. முதல் வகையில் அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதில்தான் வாய் திறப்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

கூட்ட அரங்கில் சரிவுப்பாதை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. 1990 வேளாண் சட்டத்தின் வழியாக வந்த அக்ரெபிலிட்டி திட்டத்தில், விரிவாக்கச் சேவையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, காயமோ நோயோ வந்த விவசாயி தொடர்ந்து விவசாயம் செய்யக் கருவிகளையும் வேலைமுறையையும் மாற்றித் தருகின்றன. அப்படிப்பட்ட கூட்டாளிகள் திட்டக்குழுவிலும் இருக்க வேண்டும்.

பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? அதை மாற்ற முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஸ்மித்-லீவர் நிதி மாநிலங்களுக்கு ஒரு சூத்திரப்படி போகிறது: நிர்வாகத்துக்கான சிறு பங்கு போக, 20 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சமமாக, 40 சதவீதம் கிராமப்புற மக்கள்தொகைப்படி, 40 சதவீதம் பண்ணை மக்கள்தொகைப்படி. நகரத்து ஏழை இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. நகரத்தில் வேலை செய்யத் தடை இல்லை, ஆனால் அதற்காக வரும் பணம் அதிகமாகாது. இதற்கு ஈடாக மாநிலமும் பணம் போட வேண்டும்.

1890 கல்லூரிகள் இப்போது பத்தொன்பது. அவற்றுக்கு மாநிலங்கள் ஈட்டுப் பணத்தை முழுதாகப் போடாமல் பாதிவரை விலக்குக் கேட்க வழி உண்டு. 1862 கல்லூரிகளுக்கு முழுதாகவும் அதற்கு மேலும் போடும் மாநிலங்கள், கறுப்பினக் கல்லூரிக்கு வரும்போது கையை இழுத்துக்கொண்ட வரலாறு நீண்டது. 2023 செப்டம்பரில் வேளாண், கல்வி அமைச்சர்கள் பதினாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதிய கடிதங்கள், மாநில நிதியில் மூன்று பத்தாண்டுகளாகச் சேர்ந்த இந்த இடைவெளி 1,200 கோடி டாலருக்கும் மேல் என்றன.

கூட்டரசுச் சூத்திரத்தை ஒரு மாநில இயக்குநர் மாற்ற முடியாது. மாநிலத்துக்குள் வந்த பணத்தை எந்தக் கவுன்ட்டிக்கு, எந்தப் பதவிக்கு என்று பிரிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. அந்தப் பங்கீட்டுத் தாள் திட்டக்குழுவின் மேசையில் இல்லாவிட்டால், குழுவில் யார் இருந்தும் பயன் குறைவு.

இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே திட்டம் போட்ட உதாரணம் உண்டா?

அலபாமா. 1971-இல் ஸ்ட்ரெயின் எதிர் ஃபில்பாட் வழக்கில், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கச் சேவை வேலைவாய்ப்பிலும் சேவையிலும் இனப் பாகுபாடு காட்டியது என்று கூட்டரசு நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் தீர்ப்பளித்தார். பின்னர் இன்னொரு வழக்கின் விளைவாக 1995-இல் ஆபர்ன், அலபாமா ஏ அண்ட் எம் இரண்டின் விரிவாக்கப் பிரிவுகளும் ஒரே அமைப்பாயின. நகர்ப்புற நிகழ்ச்சிகளுக்கும் புதுவகை நிகழ்ச்சிகளுக்கும் தலைமை, வரலாற்றில் கறுப்பினக் கல்லூரியான ஏ அண்ட் எம்-இடம் இருக்கும் என்று ஏற்பாடு.

இதில் கவனிக்க வேண்டியது, மனம் மாறி யாரும் இதைச் செய்யவில்லை. நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஏற்பாட்டின் வடிவம் நல்ல பாடம். இரண்டாவது பல்கலைக்கழகத்தைக் கருத்துச் சொல்ல மட்டும் அழைக்காமல், ஒரு முழுப் பிரிவின் பொறுப்பையே கொடுத்தார்கள்.

பழங்குடி மக்களின் கல்லூரிகளுக்கு இதில் இடம் என்ன?

மோரில் சட்டம் கொடுத்த நிலம் வெறும் நிலமாகக் கிடந்ததல்ல. ஏறக்குறைய 1.1 கோடி ஏக்கர், சுமார் 250 பழங்குடிச் சமூகங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்று 2020-இல் வந்த ஒரு பத்திரிகை விசாரணை வரைபடத்தோடு காட்டியது. அவர்களின் கல்லூரிகளுக்கு நிலக்கொடைத் தகுதி கிடைத்தது 1994-இல்தான். விரிவாக்கப் பணிக்கு அவர்கள் பெரும்பாலும் போட்டி மானியத்துக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும். சூத்திர நிதி இல்லாதவரிடம் போய் "எங்கள் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு உங்கள் ஆலோசனை தேவை" என்று இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். பழங்குடி அரசுகளோடு பேசும்போது அவற்றை அரசாக மதித்துப் பேசுங்கள், பத்துப் பயனாளிக் குழுக்களில் ஒன்றாக எண்ண வேண்டாம்.

ஊழியர்களும் திட்டத்தில் சேர்த்தியா?

கட்டாயம். அதுவும் கீழ்நிலையில் இருப்பவர்கள். 1969 முதல் நடக்கும் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுக் கல்வித் திட்டத்தின் பலமே, அந்தந்தச் சமூகத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைப்பதுதான். குறைந்த சம்பளத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களோடு நேரில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். மாவு விலை ஏறினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அதே போல, தொலைபேசியை எடுக்கும் அலுவலக உதவியாளருக்கு, யார் கேட்டு என்ன கிடைக்காமல் திரும்பினார்கள் என்று தெரியும். இவர்களைத் திட்டமிடல் நாளில் தேநீர் ஏற்பாட்டுக்கு விட்டுவிட்டுப் பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் வேறென்ன சொல்வது?

புதியவர்களைச் சேர்த்தால் பழையவர்கள் கோபிக்க மாட்டார்களா?

கோபிப்பார்கள். கவுன்ட்டிச் சந்தையில் மாட்டுக் காட்சி நடத்தும் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஃபோர்-எச்சில் இருக்கிறார்கள். கவுன்ட்டி கமிஷனரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், வருடாந்திரப் பட்ஜெட் அவர் கையில். "யாருக்கும் எதுவும் குறையாது, புதிதாகச் சேர்க்க மட்டுமே போகிறோம்" என்று சமாதானம் சொல்லத் தோன்றும். புதுப் பணம் வந்தால் சரி. வராவிட்டால் அது பொய். எதையும் நிறுத்தாத திட்டத்தில் புதியவர்களுக்குக் கிடைப்பது ஊழியர்களின் மிச்ச நேரம்தான்.

எதை நிறுத்தலாம், எதைத் தன்னார்வலர் கையில் விடலாம், எதை இரண்டு கவுன்ட்டிகள் சேர்ந்து நடத்தலாம் என்பதைப் பழையவர்களையும் வைத்துக்கொண்டே பேச வேண்டும். காரணத்தோடு முகத்துக்கு நேரே சொன்னால் ஏற்பவர்கள் நிறைய. செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

2025-க்குப் பிறகு இதையெல்லாம் பேசவே முடியுமா?

2025 தொடக்கத்தில் பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம் என்ற பெயரிலான திட்டங்களுக்கு எதிராகக் கூட்டரசு ஆணைகள் வந்தன. ஆங்கிலம் தெரியாதவர்களுக்குச் சேவை கிடைக்க வழிசெய்த 2000-ஆம் ஆண்டு ஆணையும் மார்ச்சில் ரத்தானது. பல பல்கலைக்கழகங்கள் சொற்களை மாற்றிவிட்டன. ஆனால் கூட்டரசுப் பணம் பெறும் வேலைகளில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சம உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவும், கருத்துப் பெறச் சொல்லும் 1998 சட்டமும் நாடாளுமன்றம் நிறைவேற்றியவை. ஆணையால் அழியாது. "கவுன்ட்டியில் எல்லாக் குடும்பங்களுக்கும் சேவை" என்று எழுதி அதே வேலையைச் செய்யலாம். சொல்லைக் காப்பாற்றப் போய் வேலையை விட வேண்டாம் என்பது என் வாதம். எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது: பெயர் போனால், யாருக்குச் சேவை போய்ச் சேர்கிறது என்ற கணக்கெடுப்பும் போகும் என்கிறார்கள். எனவே கணக்கெடுப்பை விடாதீர்கள்.

வெளி ஆலோசகரை வைக்கலாமா?

கூட்டம் நடத்த வைக்கலாம். முடிவெடுக்கவும் எழுதவும் வேண்டாம்.

கருத்துச் சொன்னவர்களுக்குத் திரும்ப என்ன கொடுக்க வேண்டும்?

பதில். "நீங்கள் சொன்ன பன்னிரண்டில் ஐந்து திட்டத்தில் இருக்கிறது, இந்த மூன்று எங்கள் வேலை அல்ல, இந்த நான்குக்குப் பணம் இல்லை" என்று இரண்டு பக்கத்தில், அவர்கள் மொழியில், அதே இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். பணம் இல்லை என்று கேட்பது யாருக்கும் புதிதல்ல. பதிலே வராமல் போனால்தான் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

நம் ஊர் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு இது பொருந்துமா?

ஓரளவு. இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க நிலக்கொடை மாதிரியைப் பார்த்து வந்தவை. பந்த்நகரில் 1960-இல் தொடங்கியதற்கு இல்லினாய் பல்கலைக்கழகம் துணை நின்றது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் (கே.வி.கே.) 1974-இல் புதுச்சேரியில், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. ஒவ்வொரு கே.வி.கே.வுக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு உண்டு. விவசாயிகள், பண்ணைப் பெண்கள், துறை அதிகாரிகள், வங்கித் தரப்பினர் உட்காரும் குழு அது. அமைப்பு ரீதியாக அமெரிக்கக் கவுன்ட்டிக் குழுவுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சிக்கல், குழுவில் வரும் விவசாயி யார் என்பதில். பெரும்பாலும் 'முன்னோடி விவசாயி', அதாவது பட்டா உள்ளவர், பேசத் தெரிந்தவர், அலுவலகத்துக்கு ஏற்கெனவே பழக்கமானவர். நாற்று நடும் பெண், குத்தகைக்காரர், ஆடு மட்டும் வைத்திருப்பவர், காலனித் தெருக்காரர் அந்த நாற்காலியில் உட்காருவது அரிது. வட கரோலினாவின் திறந்த கதவுக் கதைதான் இங்கும்.

எங்கள் அலுவலகத்தில் மூன்றே பேர். எங்கிருந்து தொடங்குவது?

கடந்த ஆண்டின் வருகைப் பதிவேடுகளை எடுங்கள். வந்தவர்களின் ஊர், தெரு, பெண் எத்தனை ஆண் எத்தனை என்று எழுதி, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு வைத்துப் பாருங்கள். ஒருவர்கூட வராத ஊர்கள் தெரியும். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து நேரில் போங்கள். பயிற்சி நடத்தப் போக வேண்டாம், கேட்கப் போங்கள். அங்கே எல்லோரும் நம்பும் ஆள் யார் என்று விசாரித்து, அடுத்த திட்டக் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள், போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலியும் சேர்த்து. அவரோடு இன்னொருவரையும் அழையுங்கள், தனியாக வருபவர் பேச மாட்டார். பட்ஜெட் தாளை இருவர் கையிலும் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.